ஒற்றை முடிச்சு

மகன் மாடி கட்ட இறக்கியிருந்த ஜல்லிக் குவியலில் வேரோடு ஒரு கொத்து சுக்குநாறிப்புல் கிடந்தது. கசக்கி முகர்ந்ததும் தோவாளைப் பக்கம் நாங்கள் பொற்றை என்று அழைத்த சின்ன மலை மணத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அதன் கிழக்கே எங்கள் ஊர், மேற்கே, எங்களைப் போலவே புல்லறுக்க வரும் தங்கம்மையின் ஊர். இரண்டு ஊர்க் கூரைகளுக்கும் அந்தப் புல்தான். முந்திப் போய் ஒரு பிடிப் புல்லின் நுனியை முடிந்துவைத்தவளுக்கே அந்தச் சரிவு, அவள் அறுக்க வரும்வரை வேற்றூர்க்காரிகூட அரிவாள் வைக்கமாட்டாள். தங்கம்மை போடுவது ஒற்றை முடிச்சு, என் அம்மா போடுவது இரட்டை.

உச்சிச் சரிவில் முடிந்துவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பிய காலையில், எனக்கு ஒன்பது வயது, ஏறச் சோம்பல்பட்டு, பாதி வழியில் இருந்த தங்கம்மையின் முடிச்சின்மேல் இன்னொன்று போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறுநாள் நானும் அம்மாவும் அங்கே அறுத்துக்கொண்டிருக்கையில் தங்கம்மை வந்து நின்று என்னிடம் கேட்டாள்.

“மக்களே, எனக்க முடிச்சு இங்கினதானே கெடந்து?”

“இல்லக்கா, இது எங்க அம்மைக்க முடிச்சாக்கும்,” என்றேன்.

குனிந்து பார்த்தாள். “அப்பம் எனக்குத்தான் எடம் தெத்திப் போச்சு,” என்று வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். மற்ற சரிவுகளிலெல்லாம் அதற்குள் முடிச்சு விழுந்திருந்தது.

ஐப்பசி மழையில் மலைமேல் நின்று மேற்கே பார்த்தேன். அவள் வீட்டு முகட்டில் கிழிந்த பாய்களைப் பரப்பியிருந்தார்கள்.

இப்போது அந்த மலை இல்லை. உடைத்து லாரியில் ஏற்றியதில் ஒரு பங்கு என் முற்றத்தில் கிடக்கிறது, இந்த முறையும் என் கூரைக்கே.