நிழலில் தள்ளிய வேன்

பழைய வேனைப் படுக்கையோடு வீடுபோல மாற்றி, கூரையில் சோலார் தகடு வைத்தேன். மின்விசிறியும் சின்ன ஃபிரிட்ஜும் அதில் சார்ஜ் ஏறும் தனி பேட்டரியில் ஓடும். எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்ற வயர் இழுக்கச் சொன்னார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன். மனைவிக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

முதல் பயணம் திருத்தணி. இரவு வேனிலேயே தங்குவதாகத் திட்டம். மலையடிவார பார்க்கிங்கில் கொளுத்தும் வெயிலாகப் பார்த்து நிறுத்தினேன்.

"நியூட்ரல்ல உட்டுட்டுப் போங்க சார், எடம் பத்தலன்னா தள்ளிக்கிறோம்" என்றார் பார்க்கிங்காரர்.

சாமி கும்பிட்டுவிட்டு வந்தால், வேன் புளியமரத்தடியில் நிற்கிறது. விசிறி சுற்றவில்லை. ஃபிரிட்ஜில் வைத்த பால் திரிந்திருந்தது.

"வெய்யில்ல காஞ்சிகினு இருந்துச்சி சார். ஆட்டோக்காரங்கள கூப்ட்டு நெழலுக்குத் தள்ளினோம்" என்றார் பெருமையாக.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, கே.ஜி.கண்டிகை பக்கம் மரமே இல்லாத இடத்தில் வேனைக் காயப்போட்டு, பேட்டரி ஏறியதும் திரும்பினோம்.

பார்க்கிங் நிரம்பி வழிந்தது. புளியமரத்தடி மட்டும் காலி. அங்கே அவருடைய நாற்காலி. அவர் வெயிலில் நின்றிருந்தார்.

"எவ்ளோ பேர் கேட்டாங்க. உடலியே. உங்க எடம் சார்."

"உங்க தகட்டுக்கு வர வேண்டிய வெயிலையெல்லாம் அவர் வாங்கிகினு நிக்கிறாரு" என்றாள் மனைவி.

நான் நிழலில் நிறுத்தி, நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கினேன்.