ஸ்பின்னர் மூடி

எண்பதுகளின் நடுவில் எங்கள் தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்தது. ஒரு தொட்டியில் துவைத்து, பக்கத்திலிருந்த ஸ்பின்னரில் போட்டுப் பிழிய வேண்டும். குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர். அதனால் பிடித்து வைத்ததை மொண்டு, உள்ளே போட்டிருந்த கோடு வரை ஊற்றுவேன். கோட்டைத் தாண்டினால் தரையெல்லாம் நுரை. குறைந்தால் துணிகள் முறுக்கிக்கொள்ளும். அதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. ஸ்பின்னரைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. முனகிக்கொண்டு மெதுவாகக் கிளம்பும். வேகம் பிடித்துவிட்டால் மெஷினே நகர ஆரம்பிக்கும்.

மூடியைத் திறந்தால் ஸ்பின்னருக்குக் கரண்ட் நின்றுவிட வேண்டும். எங்களுடையதில் அந்த ஸ்விட்ச் கெட்டுப்போனது. பார்க்க வந்த மெக்கானிக் உள்ளே ஏதோ கம்பியை முறுக்கி ஓட வைத்துவிட்டுப் போனார். இனி மூடி திறந்திருந்தாலும் ஓடும் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

ஒரு மே மாதக் காலை. கணவர் ஆபீஸ் போயிருந்தார். காலேஜ் லீவில் இருந்த நாத்தனாரும் நானும் துவைத்துக்கொண்டிருந்தோம். தில்லியிலேயே வளர்ந்த பெண். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். ஸ்பின்னர் ஓடும்போதே கரண்ட் போனது.

"அச்சா, இவ்வளவுதான். எடுத்துக் காயப்போட்டுடலாம் அண்ணி" என்று மூடியைத் திறந்தாள்.

டைமர் மட்டும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. சாவி கொடுத்த பொம்மை மாதிரி, அதற்குக் கரண்ட் வேண்டாம். சத்தம் காதில் விழுந்தது. அதன் அர்த்தம் மனதில் ஏறவில்லை.

அடியில் சிக்கிய புடவையை எடுக்க அவள் நன்றாகக் குனிந்தாள். பின்னல் தோளிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது. கூடத்தில் ரேடியோ திடீரென்று பேச ஆரம்பித்தது.

"கரண்ட் வந்துடுச்சு, எந்திரி!"

அவளால் முடியவில்லை.

"அண்ணி! ஜல்தி! இழுக்குது!"

அந்த முனகலைக் கேட்டேன். ப்ளக் மெஷினுக்குப் பின்னால், ஈரச் சுவரில். சுற்றிப்போய் எடுப்பதற்குள் வேகம் பிடித்துவிடும். இடது கையால் அவள் பின்னலைக் கழுத்தோரம் இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் டைமரைப் பூஜ்யத்துக்குத் திருகினேன். மோட்டார் நின்றது. ஸ்பின்னர் நிற்காமல் இன்னும் சுற்றி, என் கையையும் விளிம்புவரை இழுத்துக்கொண்டு போய்த்தான் ஓய்ந்தது.

அவள் கன்னம் விளிம்பில் அழுந்தியிருந்தது. சத்தமே இல்லை.

"பேசுடி! ஏதாவது பேசு!"

"கழுத்து வலிக்குது அண்ணி."

எனக்குத்தான் அழுகை வந்தது. உலர்ந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ப்ளக்கைப் பிடுங்கினேன். கத்தரிக்கோல் எடுக்கப் போனேன்.

"வெட்டாதீங்க, ப்ளீஸ்" என்றாள்.

ஸ்பின்னரைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, புடவையோடு முறுக்கியிருந்த பின்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தோம். அடியில் ஒரு பிடி முடி தங்கிவிட்டது.

சாயங்காலம் கேட்டதும் கணவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வேறொரு மெக்கானிக் வந்து புது ஸ்விட்ச் போட்டார்.

கழுத்து வலி போனதும் அவள் பழையபடி மெஷின் பக்கம் போனாள். எனக்குத்தான் முடியவில்லை. கரண்ட் போனால் முதலில் ப்ளக்கைப் பிடுங்குவேன். அப்படியும் உள்ளே கை நீட்டப் பயந்து நிற்பேன்.

"ஸ்விட்ச் மாத்தியாச்சே அண்ணி" என்று அவள்தான் துணிகளை எடுத்துத் தருவாள்.