காற்றைக் கூப்பிட்ட பாட்டு

எங்கள் பேசாலையில் ஆண்டவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், காற்றை மட்டும் கேட்கக்கூடாது. ஆண்கள் கடலில் நிற்கும் நேரத்தில் வாயால் விசில் அடித்தாலே காதைத் திருகிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு, காற்றை வருந்தி அழைக்கும் ஒரு பாட்டோடு வந்து சேர்ந்தவர் என் மாமி.

அம்மாவின் தம்பியைக் கட்டி வந்தவர் அவர். கடலுக்கு அப்பால், பெருநிலத்தில், வயல் சூழ்ந்த சைவக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றுப் புதுப் பெயரும் வாங்கியிருந்தார். அந்தப் பெயரால் கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பிப் பார்ப்பார். படித்தவர் என்பதால் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்த நேர்சரிக்கு அவரையே ரீச்சராக்கினார்கள். பிள்ளைகளைக் கொடுத்தார்களே தவிர, பெண்கள் அவரோடு மனம்விட்டுப் பேசுவதில்லை. அம்மாவும் அளந்துதான் பேசுவார்.

மாமி எங்களை இருத்திவைத்துப் பாட்டுச் சொல்லித் தருபவரல்ல. எதையாவது செய்ய வேண்டும், செய்ததை வைத்து விளையாட வேண்டும், விளையாடும்போது பாட்டுத் தானாக வாயில் ஏறிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை பனையோலையைக் கீறி மடித்து, பூவரசங் குச்சியின் நுனியில் உடைமுள்ளால் குத்தி, ஆளுக்கொரு காற்றாடி செய்தோம். பிறகு பாதிப் பிள்ளைகள் நெல், பாதிப் பிள்ளைகள் பதர், ஒருத்தி காற்று.

காற்றே காற்றே கிட்ட வா,
களத்து மேட்டைச் சுற்றி வா,
பதரை எல்லாம் தூக்கிப் போ,
பானை நெல்லைத் தந்து போ!

அவருடைய ஊரில் கதிரைச் சூடடித்து முடிந்ததும் நெல் தூற்றக் காற்றுக்காகக் காத்துக்கிடப்பார்களாம். நெல் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் நெல்லாக இருக்க ஒருவருக்கும் விருப்பமில்லை, பதராவதற்குத்தான் அடிபிடி. ஓட்டத்தில் கெட்டிக்காரி என்பதால் நான் காற்று. வாழ்க்கையில் அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய பதவி எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வாடைக் காற்று ஓய்ந்துவிட்டதென்று நம்பி அப்பாவும் மாமாவும் விடியற்காலையிலேயே பாய் விரித்துப் போய்விட்டார்கள். நான் காற்றாடியோடு முற்றத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டு ஓடினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“ஆர் உனக்கு இதைப் படிப்பிச்சது?”

சொன்னேன். மத்தியானம் வாடை திரும்பிவிட்டது. கூரைக் கிடுகு படபடத்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். பின்னால் அயல் பெண்களும் வந்தார்கள். மாமி திங்கட்கிழமைக்காக ஓலை வார்ந்துகொண்டிருந்தார்.

“உன்ர ஊரில காத்தைக் கூப்பிடு பிள்ளை. இஞ்ச எங்கட மனுசர் கடலில நிக்கினம்.”

“சின்னதுகள் பாடினாப்போல காத்து வருமே, மச்சாள்?”

“உன்ர மனுசனும் அங்கதான் நிக்கிறான்,” என்றார் அம்மா. “இனி என்ர பிள்ளை இஞ்ச வராது.” எங்கட பிள்ளைகளும் வராது என்றார்கள் மற்றவர்கள்.

பின்னேரம் கடற்கரை முழுக்கச் சனம். வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்களுடையது மட்டும் வரவில்லை. அம்மா செபமாலை உருட்டினார். மாமி தனியே, தள்ளி நின்றார். எல்லாம் என்னால்தான் என்று பட்டது. காற்றைக் கூப்பிட்டது மட்டுமா, காற்றே நான்தானே! காற்றாடி சுற்றாமல் இருந்தால் காற்றும் நின்றுவிடும் என்று ஓலையை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தேன். கை உளைந்தது. பிடி நழுவ, அது சர்ரென்று சுழன்றது. அழுதுகொண்டே மாமியிடம் ஓடினேன்.

அவர் குச்சியை வாங்கி முள்ளைப் பிடுங்கி எறிந்தார். ஓலை காற்றோடு போய்விட்டது. அவருடைய உள்ளங்கை முழுக்க இரத்தப் பொட்டுகள், பாதி காய்ந்துபோனவை. ஒரு முள்ளைப் பிடுங்க இவ்வளவு காயமா என்று நினைத்தேன். அதைவிட, என் காற்றாடியைப் பாழாக்கிவிட்டாரே என்ற கோபம்தான் பெரிதாக இருந்தது.

இருட்டுவதற்குச் சற்று முன், கிழிந்த பாயோடு வள்ளம் கரை தட்டியது. “கடைசியில காத்துத்தான் தள்ளிக்கொண்டு வந்து கரையில விட்டது,” என்று மாமா சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. மணலில் அப்படியே குந்திவிட்டார்.

திங்கட்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார், என் சிலேற்றை எடுத்துவரத்தான். உள்ளே வேறு பிள்ளைகள் இல்லை. மற்றப் பிள்ளைகள் விட்டுப்போன காற்றாடிகள் எல்லாம் யன்னலோரம் ஓலை வேறு, குச்சி வேறாகக் கிடந்தன. ஒன்றில்கூட முள் இல்லை. மாமியின் கையில் துணி சுற்றியிருந்தது. கோபத்தில் எல்லாவற்றையும் உடைத்துப்போட்டார் என்றுதான் நான் முடிவு செய்தேன்.

அம்மா யன்னலைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார்.

“மஞ்சள் வைச்சனியே?”

“ஓம், மச்சாள்.”

அம்மா சிலேற்றை எடுக்கவில்லை. என் தோளைப் பிடித்துப் பாயில் இருத்திவிட்டு, “பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போறன்,” என்று மாமியிடம் சொல்லிவிட்டு நடந்தார். இனி வராது என்று ஊரறியச் சொன்னவர் ஏன் என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று விளங்காமல், அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.