கப்பல் கடிகாரம் தொங்கிய ஆணி

"அண்ணே, இந்த ஆணிய புடுங்கிடட்டா? சொம்மாதான கீது" என்றார் பெயிண்டர்.

"இருக்கட்டும்ப்பா" என்றேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அதில்தான் கப்பலின் நேரத்தைக் காட்டும் எங்கள் கப்பல் கடிகாரம் தொங்கியது. என் மனைவி ஸ்டெல்லா அப்போது சொகுசுக் கப்பலில் நர்ஸ். ஏறினால் ஆறு மாதம். ஸ்ரீபெரும்புதூரில் இதே வீட்டில் நானும் சின்னஞ்சிறு ஷைனியும். கப்பல் மேற்கே போகப் போக அங்கே மணியைப் பின்னே தள்ளுவார்களாம். தள்ளும்போதெல்லாம் ஸ்டெல்லா செய்தி அனுப்புவாள்; பேசுவதென்றால் துறைமுகத்தில் இறங்கினால்தான். நான் குனிந்து ஷைனியைத் தோளில் ஏற்றிக்கொள்வேன். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு முள்ளைத் திருப்புவாள். "இப்போ அம்மா யாருக்கோ ஊசி போடுது" என்பாள், அதைப் பார்த்தே.

நானோ பயந்தாங்கொள்ளி. டிவியில் புயல் என்றால் எந்தக் கடல் என்றுகூடப் பார்க்க மாட்டேன், சோறு இறங்காது. "யோவ், கப்பலே வாந்தி எடுத்தாலும் நிறுத்திடுவேன். உன் பயத்துக்குத்தான் மருந்து இல்ல" என்பாள் ஸ்டெல்லா.

ஷைனியின் பிறந்தநாள் காலையில் செய்தி வந்தது. மணி ஒன்று பின்னே, விடிந்தால் துறைமுகம், கப்பல் மணி ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன். அவளுக்கு விடிந்தால் நமக்குப் பொழுது சாயும்.

"நீ ஷிஃப்டுக்குப் போப்பா. ஸ்கூல் வுட்டு வந்து, பக்கத்து வூட்டு மேரியத்தய தூக்கச் சொல்லி நானே மணிய வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள் ஷைனி. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியவன், மறந்துவிடுவாளோ என்று வாசலிலிருந்து திரும்பி, நானே வைத்துவிட்டு ஓடினேன். சாயங்காலம் சொன்னபடி அவளும் ஒரு மணி பின்னே வைத்தாள்.

வேலை முடிந்து வந்தபோது கடிகாரத்தில் ஏழரை. நேரம் இருக்கிறதே என்று அவளைக் கூட்டிக்கொண்டு கேக் வாங்கப் போனேன். பேச்சு நடுவில் சார்ஜ் போய்விடுமோ என்ற பயத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனேன். திரும்பினால் கடிகாரத்தில் எட்டரைதான், போனிலோ ஏழு மிஸ்டு கால்.

துறைமுகத்து டெலிபோன் பூத் நம்பர் அது. கூப்பிட்டால் யாரோ ஒருவன் எடுத்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். எட்டாவதோடு நின்ற என் ஆங்கிலத்தில் "ஸ்டெல்லா, ஸ்டெல்லா" என்றேன். வைத்துவிட்டான். அடுத்த துறைமுகத்துக்கு ஐந்து நாள்.

"நான்தான் வெக்கிறேன்னு சொன்னேன்ல, நீ ஏம்ப்பா வெச்ச?" ஷைனி அழவில்லை. கேக்கை வெட்டவும் இல்லை. "அம்மா கூப்டட்டும்." ஐந்து நாள் மேரியின் ஃபிரிட்ஜில் கிடந்ததை அப்புறம் அறுக்கத்தான் வேண்டியிருந்தது. "கேக்கு சாஃப்டா கீதா பாப்பா?" என்றாள் ஸ்டெல்லா போனில். "பஞ்சு மாரி கீதும்மா" என்றாள் இவள், தாடை வலிக்க மென்றுகொண்டே.

ஸ்டெல்லா கப்பலை விட்டு வந்து வருடங்கள் ஆகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் இருக்கிறாள். ஷைனியும் வேலைக்குப் போகிறாள். மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். யார் சாப்பிட்டார்கள் என்பதைக் குண்டானில் சோறு குறைந்திருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

பெயிண்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஷைனி வந்தாள்.

"இன்னாப்பா, ஒரு ஆணிக்குப் போயி" என்று கையை நீட்டிப் பிடுங்கிவிட்டாள். ஸ்டூல்கூட வேண்டியிருக்கவில்லை.

அவள் கையை நீட்டியதுமே, பழக்கத்தில் நான்தான் குனிந்துவிட்டேன். கீழே எதையோ தேடுகிறவன்போல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.