அந்த வசனம் என்னுடையது அல்ல

நாங்கள் மூன்று பேர் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். ஒருத்தி நிலாவெளிக் கடலில் இறந்தாள். மற்றவள் பல வருடங்கள் கழித்து அதை நாவலாக எழுதி, பிழை திருத்தும் வேலையை வழமைபோல என்னிடம் தந்தாள்.

துறைமுகத்தடியில் வளர்ந்தவர்கள் விடுகிற பிழை ஒன்றுண்டு. துறைமுகத்துக்குள் அடங்கிய உள்கடல் மாரி மழையிலும் குளம் போலக் கிடக்கும். அதையே பார்த்துப் பழகி, எல்லாக் கரையிலும் கடல் அப்படித்தான் என்று நினைத்துவிடுவோம். அன்று காலை மழை விட்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று, "கடல் நல்லாக் கிடக்கு, நிலாவெளிக்குப் போய்க் குளிப்பம்" என்று சொன்னவள் இந்த நாவலை எழுதியவள்தான். வெளிக்கடலைக் கொந்தளிக்க வைக்கும் வாடைக்காற்று தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அந்த நாட்களில் அவர்கள் இருவரும் என்னை விட்டுவிட்டுத்தான் திரிந்தார்கள். என்னையும் கூப்பிட்டதே எனக்குப் பெரிதாக இருந்தது.

இறந்தவள் முழங்காலளவு தண்ணீரில்தான் நின்றாள். அலை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் சல்லி ஊர்க் கரையில் உடலை எடுத்தார்கள்.

நாவலில் அந்த வசனத்தைச் சொல்பவள் நான். என் மூக்குக்கண்ணாடி, என் கறுப்புக் குடை, எல்லாம் அதில் இருந்தன. பொறாமையில் சொன்னாள் என்றும் எழுதியிருந்தாள்.

"இது நீ சொன்னதெல்லோ?" என்று கேட்டேன்.

"நாவல்தானேயடி. கதைக்கு ஒராள் வேணும்."

"அந்த ஆள் என்ர குடையைப் பிடிச்சுக்கொண்டே நிக்கவேணும்?"

சிரித்தாள். பிறகு, "நீ பொறாமைப்படேல்லையெண்டு சொல்லு பாப்பம்" என்றாள்.

அந்தப் பக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன்.

வெளியீட்டில் முதல் பிரதியை இறந்தவளின் தாயிடம் கொடுத்தாள். அன்புவழிபுரத்தில் தனியே இருக்கும் அவருக்கு வெள்ளிக்கிழமைகளில் மருந்து வாங்கிக்கொண்டு போவது நான். அடுத்த வெள்ளி போனபோது புத்தகம் அவர் உட்காரும் கதிரையில் கிடந்தது.

"பிள்ளை, அண்டைக்குக் கடல் நல்லாக் கிடக்கெண்டு ஆர் சொன்னது?"

"நான் இல்லை, அம்மா."

"அப்ப நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

மருந்துப் பையை வாங்கி மேசையில் வைத்தார்.

"இனி பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கித் தருவா" என்றார்.