பவுன்தாய் அக்காவின் வலது கை

மன்னிக்கணும். எல்லோர் பதிவையும் படித்துவிட்டு, ஒரு லைக் போட்டுவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். இன்றைக்கும் அப்படியே போயிருக்கலாம்...

பவுன்தாய் அக்கா நேற்று காலையில் இறந்துவிட்டார்.

விபத்து இல்லை. காய்ச்சல், நெஞ்சில் சளி, நாலு நாள் ஆஸ்பத்திரி. "சைக்கிளா?" என்று கேட்டு மெசேஜ் அனுப்பியவர்களுக்காகச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு... போடிமெட்டில் ஏலக்காய் காயவைக்கும் ஒரு ஸ்டோரில் நான் கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். அக்கா அங்கே காய் தரம் பிரித்தவர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வெடித்த காயை அவர் விரல் ஒதுக்கிவிடும், நாங்கள் அதற்குப் பிறகுதான் கண்ணால் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து என் பெயர் 'டிகிரி'.

காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் போடியிலிருந்து மேலே போவோம். ஏறும்போது அக்காவுக்கு ஒன்றும் செய்யாது. இறங்கும்போதுதான் வளைவுக்கு வளைவு வாந்தி. அதைப் பார்த்துத்தான் ஸ்டோர் முதலாளி, ஷெட்டில் கிடந்த பழைய வெளிநாட்டு சைக்கிளை எங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற டேண்டம் சைக்கிள்.

காலையில் அது ஜீப்பின் மேல். சாயங்காலம் நாங்கள் அதன் மேல். முன்னால் நான், பின்னால் அக்கா.

முன்னால் இருப்பவள் வளைவு வருவதைச் சொல்ல வேண்டும். எனக்கோ சத்தமே வராது.

"வாயத் தொறந்து சொல்லு டிகிரி. ஒனக்குள்ளயே சொல்லிக்கிட்டா, நான் ரோட்டுல இருக்கனா பள்ளத்துல இருக்கனான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

கத்தினேன். "எடது வளைவுக்கா..." நான் வாய்விட்டுக் கத்தியது அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும்தான். கீழே மலையடிவாரத்தில், முந்தலில் நிறுத்தி "நின்னாச்சுக்கா" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் காலைத் தரையில் ஊன்றுவார்.

வண்டி பழசு. பிரேக் கட்டைகள் தேய்ந்து, பிடித்தால் கத்தின. கியர் லீவர் கீழே சட்டத்தில் இருந்தது. ஒரு கையை விட்டுக் குனிந்தால் வண்டி ஆடும். போடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கருப்பையா அண்ணன் இரண்டு சக்கரத்துக்கும் புது வி-பிரேக் போட்டார். கியர் லீவரை ஹேண்டில்பாரில், என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஏற்றினார்.

பின் சக்கரத்தின் நடுவில் டப்பா மாதிரி ஒரு டிரம் பிரேக் துருவேறிக் கிடந்தது. நீண்ட இறக்கத்தில் வேகத்தை அடக்கிவைக்கிற மூன்றாவது பிரேக். அதையும் கழற்றிச் சுத்தம் செய்து ஓட வைத்தார்.

"இதுக்கு லீவர யாரு பக்கம் வைக்க?"

"எங்கிட்டக் குடுங்கண்ணே. டிகிரிக்கு ரெண்டு கைதான இருக்கு."

அக்காவின் வலது கைக்கு வைத்தார். கடையை விட்டுக் கிளம்பும்வரை அக்கா அதை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு...

பத்து நாள் போயிருக்கும். இறக்கத்தில்கூட வண்டி யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி கனத்தது. டிரம் ஒட்டுகிறது என்று நினைத்தேன். நான் மட்டும் கடைக்குப் போனேன்.

அண்ணன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "சும்மாதான சுத்துது, ஆத்தா?"

"இல்லண்ணே, ஒட்டுது. எதுக்கும் லூசு பண்ணி விடுங்க."

கேபிளைத் தளர்த்தினார். "பின்னால ஒக்கார்ற பிள்ளகிட்டச் சொல்லிரு, என்ன."

"சொல்லிர்றேண்ணே."

சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை... சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வண்டி பறந்தது. அன்றிலிருந்து அக்கா இடது கையால் என் சுடிதாரின் முதுகுத் துணியைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார். பேச்சும் குறைந்தது.

ஒருநாள் நடு இறக்கத்தில் கேட்டார். "டிகிரி... பிரேக்கு நல்லா இருக்கா?"

"சூப்பரா இருக்குக்கா." நான் சொன்னது என் பிரேக்கை.

"அப்ப சரி" என்றார்.

அந்த வாரம் எங்களைத் தாண்டிப்போன ஜீப்பிலிருந்து, ஸ்டோரில் வேலை பார்க்கும் செல்வி ஒரு போட்டோ எடுத்தாள். நான் இங்கே போட்ட ஒரே படம் அதுதான். 'அக்கா பாசத்தில் பிடித்துக்கொண்டு' என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் ஹார்ட் போட்டீர்கள்.

நேற்று அக்காவின் தம்பி வந்தார். "பிளக்சு அடிக்கணும் பாப்பா, ஒங்கிட்ட ஏதாச்சும் படம் கெடக்கா?" என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். முகத்தை மட்டும் வெட்டி எடுக்கப் பெரிதாக்கினேன்.

வலது கை தெரிந்தது.

நாலு விரலும் லீவரை ஹேண்டில்பாரோடு சேர்த்து அழுத்தியிருக்கின்றன. இதற்குமேல் அழுத்த இடமே இல்லை. வண்டியோ ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு வண்டி கனத்தது டிரம் ஒட்டியதால் இல்லை, இந்தக் கை பிடித்ததால்.

அதற்குப் பிறகும் மூன்று மாதம் தினமும் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். தினமும் பிடித்துப் பார்த்திருப்பார்.

அவர் தம்பியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. முகத்தை வெட்டி அனுப்பிவிட்டேன். இப்போது அவர்கள் தெருமுனையில் அக்கா பிளக்ஸில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். "என்னா அமைதியான முகம்" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

சைக்கிள் ஸ்டோர் வாசலில் சாத்தியபடி இருக்கிறது. கேபிள் இன்னும் லூசாகத்தான் இருக்கிறது.

நின்னாச்சுக்கா. எறங்கிக்கங்க.

ஒன்று கேட்கத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்... பதினாறாம் நாளுக்கு வேறு பிளக்ஸ் அடிப்பார்கள். அக்கா படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கல்யாண வீடு, கோயில், ஜீப் ஸ்டாண்டு... கூட்டத்தில் ஓரமாக விழுந்திருந்தாலும் பரவாயில்லை, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

கால் தரையில் இருக்கிற படமாக மட்டும் பார்த்து அனுப்புங்கள்.