மருந்துப் போத்தலோடு நின்றவன்

அந்தக் காலத்து ரீவியில் கரண்ட் நின்றால் படம் சட்டென்று மறையாது. ஓரங்களிலிருந்து சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அணையும். யுத்த காலத்தில் ஒரு மத்தியானம், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீடொன்றில், ஒரு மனிதன் அப்படிப் புள்ளியானதைப் பார்த்தேன். அவன் கையில் ஒரு மருந்துப் போத்தல் இருந்தது. அதை அவன் குடித்தானா என்ற கேள்வி என்னை நெடுங்காலம் விடவில்லை.

என்னோடு அந்தப் படத்தைப் பார்த்தவர் சரித்திர ரீச்சர். நான் கணக்கு. அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது மெய்யியல். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் மெய்யியலுக்கு யார் வருவார்? சரித்திரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். நாங்கள் இருவரும் கிழக்கே எழுவான்கரையிலிருந்து, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போவோம். சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போதுகூட, மனிதனுக்கு எது உண்மையான சந்தோசம் என்று பழைய கிரேக்கக் கிழவர்கள் சண்டை பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டு வருவார். அந்த நாட்களில் அவருக்கே ஒரு சண்டை இருந்தது. கனடாவிலிருந்த தமையன் அவரைக் கூப்பிட எல்லா ஒழுங்கும் செய்துவிட்டு, அந்தக் கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். போனால் ஓ.எல். பரீட்சை வகுப்புக்கு ஆளில்லை. எங்கள் வழக்கப்படி மகளுக்கென்று அம்மா எழுதிவைத்த வீட்டுக்கும் ஆளில்லை. போகாவிட்டால் என்ன நடக்கலாம் என்பதை அந்த நாளில் யாரும் வாயால் சொல்வதில்லை.

பெரியபிள்ளையான மாணவி ஒருத்தியின் சாமத்தியச் சடங்குக்குத்தான் போயிருந்தோம். பொழுதுபட்டால் வெளியே போக முடியாது என்பதால் பட்டப்பகலில் யன்னல்களைச் சாக்கால் மூடிப் படம் போட்டார்கள். ஜெனரேற்றருக்குப் பெற்றோல் கிடைத்ததே பெரும்பாடு. ஆனாலும் சாமிப்படம் ஓடாமல் வேறு படம் ஓடக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அம்மன் தோன்றும் இடத்தில் வீட்டுக்காரம்மா ரீவிக்கே கற்பூரம் காட்டினார். காட்டி முடிப்பதற்குள் அம்மன் மறைந்துவிட, "திருப்பிப் போடு மனே" என்றார். திருப்பிப் போட்டார்கள். பெற்றோலில் பாதிக்கு மேல் அம்மனுக்கே போய்விட்டது யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்தது ஆங்கிலப் படம். ஒருவனுக்கு இரும்பு உடம்பு. பறப்பான், ரயிலைத் தூக்குவான், குண்டு பட்டாலும் நோகாது. மழை நனைப்பதும் தெரியாது, தாய் தலையைத் தடவுவதும் தெரியாது. ரீச்சர்தான் வசனங்களைத் தமிழில் சொன்னார். கடைசியில் ஒரு டொக்டர் அவனிடம் போத்தலை நீட்டினார். "இதக் குடிச்சா நீயும் மத்தாக்கள் மாதிரி ஆகிடுவாய். ஆனா மறுகா திரும்பி வரேலா" என்று சொன்னபோது ரீச்சரின் குரல் இறங்கிப்போனது. தூரத்தில் அணை உடையும் சத்தம். அவன் மூடியைத் திறந்தான். ஜெனரேற்றர் விக்கி நின்றது.

வீடே கத்தியது. "நோவில்லாம இருக்கிறதுதானேகா சந்தோசம்? அவன் ஏன் குடிக்கப்போறான்?" என்றார் வீட்டுக்காரம்மா.

ரீச்சர் சிரித்தார். "உங்களப் போலத்தான் ஒரு கிழவர் சொன்னவர் அம்மா, உடம்புக்கு நோவும் மனசுக்குக் குழப்பமும் இல்லாட்டிப் போதுமெண்டு." இன்னொருவருக்குச் சந்தோசம் என்பது உணர்ச்சியே இல்லையாம், தன்னால் ஆன நல்லதை ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருப்பதாம். மூன்றாமவர், முடிவைப் பார்க்காமல் எவனையும் சந்தோசமானவன் என்று சொல்லாதே என்றாராம்.

"முடிவத்தான் அம்மன் குடிச்சிட்டாவே!" என்றார் பெண்ணின் மாமா. சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

திரும்பும்போது பாதையில் வைத்து, அவன் குடிப்பானா என்று கேட்டேன். "குடிக்கமாட்டான்கா. குடிச்சா அணையடியில இருக்கிற சனத்த ஆர் பாக்கிற?" என்றார். அதையே தமையனுக்கு அவர் சொல்லப்போகும் பதிலாக எடுத்துக்கொண்டு சந்தோசப்பட்டேன். அடுத்த மாதம் ரீச்சர் கனடாவுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஓ.எல். பிள்ளைகளுக்கு நானே சரித்திரம் எடுத்தேன். அரசர்களையும் கணக்கு மாதிரித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு போனில், படத்தின் முடிவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாக்கல்லகா. அவன் குடிக்காம விட்டிருந்தா எனக்கு வெக்கமா இருக்கும். குடிச்சிருந்தா அவனோட கோவம் வரும்."

"நீங்க சந்தோசமா இருக்கிறீங்களா ரீச்சர்?"

"கதை இன்னும் முடியல்லையேகா" என்றார்.

இப்போது வாவிக்குப் பாலம் இருக்கிறது. ரீச்சரின் வீட்டுப் பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது. போன மாதம் என் மகன் அந்தப் படத்தைத் தேடி, கீழே தமிழ் எழுத்து ஓட, என் போனில் போட்டுத் தந்தான். டொக்டர் வந்தார், போத்தலை நீட்டினார். "பயப்படாதே. பிடிக்காவிட்டால் பழையபடி மாறிக்கொள்ளலாம்" என்றார். நான் அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். திரும்பி வரமுடியாது என்று அவர் சொல்லவே இல்லை. அதைச் சொன்னது ரீச்சர், அந்த இருட்டறையில், தனக்குத்தானே.

விரலால் தொட்டுப் படத்தை நிறுத்தினேன். இந்தத் திரையில் யாரும் புள்ளியாவதில்லை. அவன் மூடியைத் திறந்தபடி அப்படியே நின்றான். ரீச்சருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "திரும்பி வரலாமாம் ரீச்சர். டொக்டர் அப்பிடித்தான் சொல்றார்."

பதில் வருமட்டும் அவன் போத்தலோடு நிற்கட்டும்.